பதினொரு நடந்தோம்

ஞாங்லேபினிலிருந்து பஸ்ஸில் வந்தது கட்டுரை.
பிஸ்கட் டப்பாவுக்குள் ஒன்பது தாள்,
ஒவ்வொன்றின் முதுகிலும் உளுந்து மூட்டைக் கணக்கு.
எழுதியவர் சோ. அங்கமுத்து, வயது எழுபத்தாறு.
ஆண்டு மலருக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.
கரண்ட் வந்த இரண்டு மணி நேரத்துக்குள்
சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

‘சண்டை வந்திச்சு’ என்றிருந்ததைப்
‘போர் மூண்டது’ ஆக்கினேன்.
பிறகு ‘சண்டை வந்தது’.
அதற்கும் பிறகு அவர் எழுதியபடியே விட்டேன்.
இப்படித்தான் எனக்குப் பாதி இரவு போகும்.

மூன்றாம் பக்கத்தில்
நடந்தோம் நடந்தோம் நடந்தோம் என்று
பதினொரு முறை.
நடுவில் ஒரு காற்புள்ளிகூட இல்லை.
கூறியது கூறல் குற்றம்.
பத்தை அடித்தேன், ஒன்றை வைத்தேன்,
அதன் முன்னால் ‘நெடுந்தூரம்’ சேர்த்தேன்.
என்னமாய்ச் சுருங்கிவிட்டது என்று
ஆறிய டீயை ஒரு மிடறு குடித்தேன்.

கேள்விகளைத் தனித்தாளில் எழுதி
அதே பஸ்ஸில் அனுப்பினேன்:

ப்ரோமில் படகு ஏறும்போது ‘ஆறு பேர்’.
ஏழாம் பக்கத்தில், திரும்பி வந்து
பூட்டிய வீட்டின் முன் நிற்கும்போது ‘நாலு பேர்’.
எது சரி?

தாங்கூப் மலைவரை போனதற்கு நாலு பக்கம்.
வந்ததற்குத் ‘திரும்பினோம்’ என்று ஒரே சொல்.
ஒரு பத்தியாவது விரித்து எழுதவும்.

மூன்றாம் நாள் போன் வந்தது.
பின்னால் யாரோ பர்மியத்தில் முட்டை விலை கேட்டார்கள்.
“எண்ணு ரெண்டும் சரிதாம்மா.”
இரைச்சல்.
“அடுத்த கேள்விக்கு,
அதான் எழுதியிருக்கேனே. திரும்பினோம்.”

நடந்தோமைக் குறைத்த சேதியை நானே சொன்னேன்.
“எடம் அடைக்கும்னா எடுத்துடுங்க,” என்றார்,
“உங்களுக்குத் தெரியாததா.”

பதினொரு நாளா, பதினொரு ஊரா,
ஒரு குழந்தை எண்ணத் தெரிந்த கடைசி எண்ணா,
நான் கேட்கவில்லை.
அந்த மலையை
பஸ் போகும் தூரமாக்கி வைத்திருந்தேன்.

அடித்தது இருக்கட்டும் என்பதற்குப்
புள்ளிகள் இடுவது அச்சக வழக்கம்.
பத்துச் சொல்லுக்கும் கீழே வைத்துக்கொண்டே போனேன்.
‘சிற்றடிகள் போல’ என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன்.
அடித்துவிட்டேன்.
‘நெடுந்தூரம்’ என்னுடையது. அதையும் அடித்தேன்.

அடுத்து என் கட்டுரை, ஐந்தாம் திருத்தம்.
முதல் பிரதியில் ‘நாங்கள் மூன்று பிள்ளைகள்’.
மூன்றாம் பிரதியிலிருந்து ‘இரண்டு’.
அண்ணன் சாகவில்லை.
தாம்வேயில் டயர் கடை வைத்திருக்கிறான்,
அந்தத் தெரு வழியாக நான் போவதில்லை.
வாசகம் தடையில்லாமல் ஓடவேண்டும் என்று
எடுத்ததாகத்தான்
எனக்கே சொல்லி வைத்திருந்தேன்.
ஓரத்தில் ‘எது சரி?’ என்று எழுத
எனக்கு ஓர் ஆள் இல்லை.

முப்பத்துமூன்றாம் தெருவில் பக்கம் கோக்கும் துன் லினுக்குத்
தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது.
உருவத்தைப் பார்த்தே பிழை பிடிப்பான்.
திரையில் விரல் வைத்துக் கேட்டான்:
“மமா, ஒரே படம் பதினொன்று நிற்கிறது.
என் கை தவறி ஒட்டிவிட்டேனா?”
இல்லை, சரிதான் என்றேன்.
“அடுத்த பக்கத்துக்கு வழிகிறதே.”
வழியட்டும் என்றேன்.
இடத்துக்கு என் முன்னுரையில் நாலு வரி எடுத்தேன்.
மகத்தான, சீரிய, பொன்னான எல்லாம் போயின.
போனது முன்னுரைக்குத் தெரியவில்லை.

பிறகு என் பக்கத்தைத் திறக்கச் சொல்லி
ஒரு சொல்லின் இடத்தை மட்டும்
வெள்ளையாக விடமுடியுமா என்றேன்.

கடிகாரத்தைப் பார்த்தான்.
நாளை மாலை ஐந்துவரை, என்றான்.